மைதீனின் வலது தோள்

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு தேகப்பயிற்சிக் கூடத்தில் என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்து, கழுத்தில் மாலையும் போட்டார்கள். பையன்கள் மெத்தை விரித்து அதன் மேல் குஸ்தி போட்டார்கள். ப்ரீஸ்டைல் என்று அதற்குப் பெயராம். ஒருவர் விசில் ஊதுகிறார், இன்னொருவர் கடிகாரம் பார்க்கிறார், மூன்றாமவர் பிடிக்கு இத்தனை புள்ளி என்று எழுதுகிறார். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. மூக்கிலும் காதிலும் மண் ஏறாமல் வீட்டுக்குப் போகலாம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

முடிந்ததும் பையன்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களில் கொஞ்சம் வாய்த்துடுக்கானவன் கேட்டான்: "பயில்வான் ஐயா, நீங்க ஆயுசுல தோத்ததே இல்லியாமே, நெசமா?"

"ரெண்டு தடவை தோத்திருக்கேன். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட" என்றேன். அவர்கள் நம்பவில்லை. என் பழைய நோட்டீசுகளில் எல்லாம் 'தோல்வி காணாத பாளையங்கோட்டை ஞானமுத்து' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அச்சடித்தவனுக்கு விவரம் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் குஸ்தி போட்டது ஜெர்மன் சண்டைக்கு முந்தியும் அது நடந்துகொண்டிருந்த காலத்திலும். பகலில் எனக்குக் கோர்ட்டில் டவாலிச் சேவகம். மார்பில் பித்தளை வில்லை போட்ட பட்டையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று வாதி, பிரதிவாதி பெயர்களைத் தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரிக் கூப்பிட வேண்டும். ஜட்ஜ் துரை வந்தால் குனிய வேண்டும், வக்கீல் வந்தால் கொஞ்சம் குறைவாகக் குனிய வேண்டும். இந்தக் குனிகிற சமாச்சாரம் பின்னால் வரும், மறந்துவிட வேண்டாம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடியுமுன் தண்டால், பஸ்கி, அப்புறம் மண்வெட்டி. கோதா மண்ணைக் கொத்திப் புரட்டுவதுதான் பாதிப் பயிற்சி. எனக்கு உடம்பு பெரியது, பசி அதைவிடப் பெரியது. என் அப்பா வேதக்கோயிலில், அதாவது சர்ச்சில், மணியடிக்கிறவர். "சாத்தான் உன் வயித்துலதாண்டா குடியிருக்கான்" என்பார். மற்றபடி தடுக்கவில்லை.

டவுனில் எங்கள் கோதாவை நடத்தியவர் வேலு வஸ்தாது. ஒல்லியான மனிதர். அவர் கண்டிப்பு அந்த ஜில்லா முழுக்கப் பிரசித்தம், எந்த ஊரில் பெரிய குஸ்தி நடந்தாலும் தீர்ப்புச் சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். வாயில் வெற்றிலை இருந்துகொண்டே இருக்கும். ஆனால் கோதாவில் கால் வைக்கும்முன் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் இறங்குவார். ஆற்று வண்டலில் கொஞ்சம் தேரிச் செம்மண் கலந்து, சலித்து, நல்லெண்ணெயும் மஞ்சளும் மோரும் விட்டுப் பிசைந்த மண் அது. தினமும் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பார்ப்பார். கையைத் திறந்தால் பிடி உடையாமல் நிற்க வேண்டும், பெருவிரலால் லேசாகத் தொட்டால் உதிர வேண்டும். உதிரவில்லை என்றால் அன்றைக்குக் குஸ்தி கிடையாது, எல்லோரும் மண்வெட்டியைத் தூக்க வேண்டியதுதான்.

குஸ்தி தொடங்கும்முன் அவர் சோதனை போடுவதைப் பார்க்க வேண்டும். முதலில் நகம். அடுத்து முதுகைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்து, எண்ணெய் தடவியிருக்கிறானா என்று மோந்து பார்ப்பார். பிறகு காதுக்குப் பின்னால், அக்குளில். எல்லாம் ஒரு வார்த்தை பேசாமல். கடைசியில் இருவரையும் நிறுத்தி, எத்தனை தடவை கேட்டவனாக இருந்தாலும், சட்டத்தை முதலிலிருந்து சொல்லுவார்.

"ரெண்டு தோளும் மண்ணுல பட்டா விழுந்தான். ரெண்டு முட்டியும் ஊணித் தலையும் குனிஞ்சா, விட்டுக்கொடுத்தான். விழுந்தவன் சோத்துக்கையால ஒரு பிடி மண்ணள்ளி, ஜெயிச்சவன் உச்சந்தலையில போடணும். அது வரைக்கும் குஸ்தி முடியல. புரிஞ்சுதாலே?"

தலையில் மண் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தோற்றவன் தன் கையாலேயே வெற்றியைக் கொடுக்க வேண்டும், வெளியாள் அறிவித்தால் போதாது. மண் விழுந்த பிறகுதான் வஸ்தாது கையைத் தூக்கிக் காட்டுவார், பரிசைக் கொடுப்பார். எத்தனையோ பேர் பல்லைக் கடித்துக்கொண்டு என் தலையில் மண் போட்டிருக்கிறார்கள். சிலர் கண்ணில் விழுகிற மாதிரிப் போடுவார்கள். பாவம், அது மட்டும்தானே அவர்களால் முடியும்.

மைதீனிடம் வருமுன் உவரிக்காரர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். கட்டுமரக்காரர், பெயர் அந்தோணி. கருவாடு கொண்டு வந்த இடத்தில் கூட்டத்தைப் பார்த்து, "நானும் ஒரு கை பாக்கேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். ஒரு பிடி தெரியாது. ஆனால் கடலில் ஆடுகிற மரத்தில் நின்று பழகிய கால். நான் இழுத்தால் என்னோடு வருகிறார், தள்ளினால் பின்னால் போகிறார், விழ மட்டும் மாட்டேன் என்கிறார். வியர்த்து விறுவிறுத்து, கடைசியில் அவரே வழுக்கியதால் ஜெயித்தேன். வஸ்தாது என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏலே, நிக்கவன எதுக்குலே தள்ளுத? அவன் எங்கன கால் வைப்பான்னு பாரு. வைக்கிற எடத்துல நீ முந்திக் காத்திரு. அவனே வந்து விழுவான்."

அதை நான் அன்று காதில் வாங்கிக்கொண்டேன். முழுவதும் விளங்கியது வேறொருவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான்.

அந்த வேறொருவர்தான் மேலப்பாளையம் காதர் மைதீன். தறி நெய்கிறவர். என்னைவிட ஒரு சாண் குட்டை, அகலத்தில் எனக்குச் சமம். அவர் ஊர்க் கோதாவில் அவரை விழுத்தாட்ட ஆளில்லை என்று பேச்சு. ஆனித் தேரோட்டம் முடிந்த கையோடு டவுனில் பெரிய குஸ்தி வைத்தார்கள். ஜெயிக்கிறவருக்கு வெள்ளிப்பூண் போட்ட கதாயுதம், ஜில்லா பயில்வான் என்ற பட்டம். கடைசிக் குஸ்தி எனக்கும் அவருக்கும்.

கோதாவில் ஆஞ்சநேயர் படத்துக்குச் சூடம் காட்டும்போது நான் ஒதுங்கி வேப்பமரத்தடியில் நிற்பது வழக்கம். அன்றைக்கு அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மைதீன்தான்.

"என்னவே, வேதக்காரரா?"

"ஆமா."

"நல்லதாப் போச்சு. நிழலுக்கு ஆள் ஆச்சு" என்று தள்ளி இடம் விட்டார். எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப் போயிற்று. பத்து நிமிஷத்தில் இவரைத் தூக்கிப் போட வேண்டுமே என்று சங்கடமாகக்கூட இருந்தது. அவ்வளவு நம்பிக்கை எனக்கு என் மேல்!

பத்து நிமிஷத்தில் ஒன்றும் நடக்கவில்லை. வெயில் மரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகும் வரை பிடித்துக்கொண்டிருந்தோம். அவர் என் இடுப்புக்குக் கீழே புகுந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்கிறார். கடைசியில் அவர் வலது கையை என் அக்குளில் பூட்டி, முறுக்கிக்கொண்டே குப்புறச் சாய்ந்தேன். அது எனக்குப் பேர்போன பிடி. எல்லோரும் கையோடு சேர்ந்து இந்தப் பக்கம் புரண்டு முதுகைக் கொடுத்துவிடுவார்கள். மைதீன் அந்தப் பக்கம் புரண்டார். 'மொளுக்' என்று ஒரு சத்தம். இரண்டு தோளும் மண்ணில் பட்டன. ஆனால் வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது.

அவர் கத்தவில்லை. "என் கை எங்கவே?" என்று மட்டும் கேட்டார்.

கூட்டம் ஆரவாரம் போட்டது. என் காதில் ஒன்றும் ஏறவில்லை. தறிக்காரன் கை அது. தறியில் நூல் கோத்த நாடாவை எறிகிற கை. வீட்டில் பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும் அந்தக் கையை நம்பி இருக்கிறார்கள் என்று மரத்தடியில்தான் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார்.

வஸ்தாது பக்கத்தில் வந்து பார்த்தார். "நீ எறக்கின பூட்டு. நீயே ஏத்து" என்றார். எங்கள் கோதாவில் எல்லோருக்கும் எலும்பு, பூட்டு வைத்தியம் கொஞ்சம் தெரியும். நான் மைதீன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, என் குதிகாலை அவர் அக்குளில் வைத்து, மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தேன். இழுக்கக் கூடாது, சாய வேண்டும். உடம்பு பாரத்தைப் பைய பையப் பின்னால் கொடுத்து, தசை அயர்ந்து விடுகிற நேரம் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் நரம்பு போய்விடும். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, "ஒம்ம தறியில என்ன நெய்யுதீரு?" என்று கேட்டேன். அவர் "கைலி" என்று வாயைத் திறந்த நேரத்தில் மணிக்கட்டை வெளிப்பக்கம் திருப்பி உள்ளே கொண்டுவந்தேன். பூட்டு உள்ளே விழுந்த சத்தத்தைக் கேட்டபோது வந்த சந்தோஷம் எனக்கு எந்தக் குஸ்தியிலும் வந்ததில்லை.

அவர் சோத்துக்கையால் மண் அள்ள முடியாது. ஆகவே குஸ்தி முடியவில்லை. வஸ்தாது கதாயுதத்தைத் துணியில் சுற்றித் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். "கை தேறட்டும். தேறினதும் மண் போடட்டும். அப்பம் பாப்போம்." அதோடு சரி.

அன்று தொட்டு நான் கோர்ட்டு முடிந்ததும் பாளையங்கால்வாய்க் கரை வழியே மேலப்பாளையத்துக்கு நடப்பேன். முதலில் முட்டை வெள்ளையும் உளுந்த மாவும் தடவிய துணிக்கட்டு. அது பிரித்த பிறகு எண்ணெய் போட்டு நீவுதல். மைதீன் குழித்தறிக்காரர். தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, தரை மட்டத்தில் உட்கார்ந்துதான் நெய்ய வேண்டும். வலது கை ஓய்வில் இருக்கும்போதும் மனிதர் தறியை விட்டு எழுந்திருக்க மாட்டார். இடது கையால் இழை முடிந்துகொண்டிருப்பார். ஆகவே நான்தான் அவர் பக்கத்தில் இரண்டு முட்டியையும் ஊன்றி, குனிந்து, தோளைப் பார்க்க வேண்டும். முதலில் அவர் வீட்டம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கை கொஞ்சம் அசையத் தொடங்கிய பிறகு ஒரு தம்ளர் கஞ்சி வந்தது. நாடா எறிகிற அளவுக்கு வந்ததும் கஞ்சியோடு கறியும் வந்தது.

நெஞ்சு உயரத்துக்குக் கை வந்துவிட்டது. அதற்கு மேலே ஏற்றச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார். "நோவுதுவே." நானும் விட்டுவிடுவேன். பிழைப்புக்கு அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் திரும்பி நடக்கும்போது, ஒரு ஆம்பிளையின் வலது கையைப் பாதியாக்கி வைத்திருக்கிறோமே என்று வழி நெடுக அதே நினைப்புத்தான்.

ஒரு நாள் வஸ்தாது ஆள் அனுப்பினார். கை எவ்வளவு தேறியதோ அவ்வளவு போதும், வந்து கணக்கை முடியுங்கள் என்று. டவுன் கோதாவைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. மேலப்பாளையமே வந்திருந்தது. வஸ்தாது வாய் கொப்பளித்துவிட்டு இறங்கி, வழக்கம்போலச் சட்டத்தை முதலிலிருந்து சொன்னார். நான் அரைகுறையாகக் கேட்டேன். கதாயுதத்தை வீட்டில் எந்த மூலையில் வைக்கலாம் என்பதுதான் என் யோசனை.

மைதீன் குனிந்து வலது கையால் ஒரு பிடி மண் அள்ளினார். கை மேலே வந்தது. நெஞ்சுக்கு வந்தது. அங்கே நின்றது. விரலிடுக்கில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் பல்லைக் கடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தார். என் உச்சந்தலை எங்கோ உயரத்தில் இருந்தது.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். பார்த்தவர்கள் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்கள், சபையில் அதை வைத்து ஒரு பிரசங்கமே நடந்தது. உண்மை என்னவென்றால், அந்த முகச் சுளிப்பைப் பார்த்தவுடன் என் முட்டி தானாக மடங்கிவிட்டது. மாதக்கணக்காகப் பழகின முட்டி. இரண்டையும் மண்ணில் ஊன்றி, தலையைக் குனிந்து, "எங்கன நோவுது?" என்று தோளில் கை வைத்தேன்.

"நில்லு!" என்றார் வஸ்தாது.

அவர் என் முட்டியைப் பார்த்தார். மைதீன் கையில் மிச்சமிருந்த மண்ணைப் பார்த்தார். என் தலையில் ஒரு பொடிகூட இல்லை.

"மண் விழல. முட்டி ஊணிட்டு, தலையும் குனிஞ்சிட்டு. ஞானமுத்து விட்டுக்கொடுத்தான்."

"வஸ்தாது! நான் கையப் பாக்கத்தான்…"

"எதுக்கு ஊணுனன்னு சட்டத்துல இல்லலே."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பிடி மண்ணை மைதீன் தலையில் போட்டேன், கதாயுதம் அவர் கைக்குப் போயிற்று. இடது கையால் வாங்கிக்கொண்டார். மேலப்பாளையத்துக்காரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பாலம் வரை ஓடினார்கள். நான் வஸ்தாது பக்கம் மூன்று நாள் போகவில்லை. நாலாம் நாள் போனேன். அவர் மண்ணைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மோர் காணாது" என்றார். நான் மோர்ச் சட்டியைத் தூக்கினேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மைதீன் அதற்குப் பிறகு கோதாவில் இறங்கவில்லை. நான் இறங்கினேன். மதுரை, தூத்துக்குடி, திருவனந்தபுரம், கப்பலேறிக் கொழும்பு. என்னை யாரும் விழுத்தாட்டவில்லை. ஆனால் அந்தக் கைப்பூட்டுப் பிடியை மட்டும் நான் மறுபடி போடவே இல்லை. எதிராளி கை வாகாக அக்குளுக்குள் வரும். வரும்போதே 'என் கை எங்கவே' என்ற குரல் கேட்கும். விட்டுவிடுவேன். என் பேர்போன பிடி இல்லாமலே நான் பேர் வாங்கினேன், அதற்காக இரண்டு மடங்கு உழைத்தேன்.

மைதீனோடு உறவு மட்டும் விட்டுப்போகவில்லை. பெருநாளுக்கு அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு, கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்கு எங்கள் பலகாரம். என் எதிரில் அவர் எதையும் இடது கையால்தான் எட்டி எடுப்பார். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

முழங்கால் தேய்ந்து நான் குஸ்தியை விட்ட வருடம், ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. மைதீன் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். தறிக்கு மேலே விட்டத்தில் கட்டிய கயிறு அறுந்திருந்தது. குதிகாலை உயர்த்தி, இரண்டு கையையும் தலைக்கு மேல் முழுசாக நீட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். வலது கை இடது கையைவிட ஒரு விரற்கடை உயரத்தில்கூட இருந்தது.

"மைதீன்!"

திரும்பினார். கையை இறக்க மறந்துவிட்டார்.

"எப்பமிருந்துவே தூக்குதீரு?"

கயிற்றை விட்டுக் கையை இறக்கினார். அப்புறம் முகம் மெல்ல விரிந்தது. "அன்னைக்கே தூக்கியிருப்பேன். நோவு இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா ஏறியிருக்கும்."

"பெறகு ஏன்வே நெஞ்சோட நிறுத்துனீரு?"

"ஒம்ம முட்டி என் தறிப் பக்கத்துல தெனமும் மடங்குதத நான்தான பாத்துக்கிட்டிருந்தேன்? மூஞ்சியச் சுளிச்சா மடங்கிரும். மண்ணை அள்ளும்போதுதான் தோணுச்சு, இதுவும் ஒரு பிடிதானன்னு. குஸ்தி முடியலன்னு வஸ்தாதே சொல்லிட்டாரே."

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. இத்தனை வருடம்! எத்தனை பெருநாள் பிரியாணி தொண்டைக்குள் இறங்காமல் நின்றிருக்கிறது! என் பிடியையே விட்டேனே! எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். மைதீன் திகைத்துப்போய்க் கேட்டார்.

"அடப் பாவி மனுசா! தோத்ததுக்குத்தான் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீருன்னுல்லா நெனைச்சேன்! கை முழுசா ஏறுதுன்னு தெரிஞ்சா இன்னும் நொந்துருவீரேன்னு மறைச்சு வச்சேன். நானும் எம்புட்டு நாளைக்கு எடது கையாலயே எடுக்கது?"

உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மைதீன் ஆணியில் தொங்கிய கதாயுதத்தை வலது கையால் எட்டி எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"கொண்டு போரும்வே. ஒம்முதுதான்."

நான் அதை வாங்கவில்லை. எனக்கு வேறொன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. "அதை வச்சிட்டு உக்காரும்" என்றேன். அவர் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தார். சட்டையை விலக்கி, தோள்பூட்டில் பெருவிரலை வைத்து, "இப்பம் தூக்கும்" என்றேன். தூக்கினார். உள்ளே ஒரு நெருடல் இல்லை, ஒரு சத்தம் இல்லை. என் கையால் ஏற்றிய பூட்டு, புதிதாய் எண்ணெய் போட்ட கதவுபோலத் திரும்பியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மைதீன் கீழே பார்த்தார்.

"ஏவே, ரெண்டு முட்டியும் ஊணியிருக்கீரு. தலையும் குனிஞ்சிருக்கு. ரெண்டாந்தடவையும் தோத்துட்டீரு."

"தோத்தா தோத்துட்டுப் போறேன். நீரு கையத் தூக்கும்" என்றேன்.